பின்சீட்டில் ஒரு பலாப்பழம்

போகிக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் கரும்பு வாங்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். கட்டைத் தோளில் சுமந்துவரும் இளைஞர் நம் காரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். "டிக்கியத் தொறங்க சார்" என்பார். பின்சீட்டை மடக்கி, இடப்பக்க முன்சீட்டைச் சாய்த்து, கரும்பின் அடிப்பக்கம் டேஷ்போர்டைத் தொடும்வரை ஒரே தள்ளு. தோகை மட்டும் வெளியே நிற்கும். டிக்கிக் கதவை முக்கால்வாசி இறக்கி, பம்பரோடு சேர்த்துச் சணல் கயிற்றால் ஒரு கட்டு. "போலாம் சார், ஒண்ணும் ஆவாது."

சில பொங்கலுக்கு முன்னால் நானும் அப்படித்தான் கிளம்பினேன். அடுத்த சிக்னலிலேயே ஒரு பைக் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கரும்பு மட்டும் ஓர் அரை அடி முன்னேறி, கியர் லீவருக்கு முன்னால் வந்து அமர்ந்துகொண்டது. இரண்டாவது கியரில் இருந்த லீவரை மூன்றுக்குத் தள்ள இடமில்லை. பின்னால் ஹாரன்கள் முழங்க, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து ஓர் ஓரமாக நிறுத்தினேன். பின்சீட்டின் மிச்சமிருந்த மூலையில் தோகைக்குள் முகம் புதைந்திருந்த என் மனைவி கேட்டாள்: "இதெல்லாம் கார்ல ஏத்தலாமா? சட்டம் ஏதாச்சும் இருக்குமே?"

இருக்கிறது. தேடிப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நம் சட்டத்தின் கண் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதன் மேல்தான் கூர்மையாகப் பதிந்திருக்கிறது. இயற்பியலின் கண்ணோ உள்ளே இருப்பதன் மேலும் அதே அளவு பதிந்திருக்கிறது. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நாம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வெளியே. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93ஆவது விதி வண்டிகளின் நீளம், அகலம், உயரம் பற்றியது. சுமையோ சுமையின் எந்தப் பகுதியோ வண்டியின் உடலைத் தாண்டிப் பக்கவாட்டிலும் முன்னாலும் பின்னாலும் நீளக் கூடாது என்று அது சொல்கிறது. ஒரு காலத்தில் சரக்கு வண்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. கம்பம், கம்பி போன்றவை பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கலாம். நீட்டிய கம்பிகளில் மோதி நடந்த சாவுகளைக் காட்டி ஒரு தொண்டு அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போக, 2014இல் அந்தச் சலுகையும் நீக்கப்பட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவில் இதற்கென்றே ஓர் உட்பிரிவு சேர்ந்தது. அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் நம்முடையது. ஒழுங்காக அடுக்கும்வரை வண்டி நகரக் கூடாது.

சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். காரைப் பொறுத்தவரை அந்தத் துணிக்குச் சட்டத்தில் இடமில்லை. எழுத்தின்படி பார்த்தால் என் கரும்புத் தோகைக்கும் 20,000தான். பொங்கல் வாரத்தில் யாரும் அப்படி எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவு கடுமை எதற்கு? கம்பி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நீங்கள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டும் 12 மில்லிமீட்டர் கம்பி. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆறடி நீளக் கோடு. நேர் பின்னால் வரும் உங்களுக்கு அது ஒரு புள்ளி. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டர் புள்ளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடும் தூரம் ஏறக்குறைய 41 மீட்டர். அதுவும் பட்டப்பகலில், வெள்ளைச் சுவரில் கரும்புள்ளி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால். துருப்பிடித்த கம்பி, சாம்பல் நிறச் சாலை, மாலை மங்கல் என்றால் இதில் பாதிகூடத் தேறாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக, முன்னால் நிற்கும் வண்டியில் மோதாமல் இருக்க 45 மீட்டர் வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதே அதற்குள்தான்.

மோதினால் என்ன ஆகிறது என்பதும் வழக்கமான விபத்துபோல் இல்லை. காரின் முன்பகுதி நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. பம்பரும் பானெட்டும் நசுங்கி, மோதலின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, உள்ளிருப்பவருக்கு நேரம் வாங்கித் தருகின்றன. கம்பி அந்த ஏற்பாட்டைத் தொடுவதே இல்லை. பானெட்டுக்கு மேலே, கண்ணாடி மட்டத்தில் நேராக வருகிறது. அதன் முனையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மோதலின் விசை முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தில் குவிகிறது. ஊசி ஏன் துளைக்கிறது, உள்ளங்கை ஏன் துளைப்பதில்லை என்பதே இங்கும் கணக்கு. வெளியே நீட்டுவதைச் சட்டம் முறைப்பதில் தப்பே இல்லை.

இனி உள்ளே. இதற்கும் சட்டத்தில் ஒரு வரி உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. ஓட்டுநருக்கு வண்டி மேல் இருக்கும் கட்டுப்பாட்டைத் தடுக்கும் வகையில் யாரையும் உட்காரவோ நிற்கவோ விடக் கூடாது, எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான். கியர் லீவரை மறித்த என் கரும்பு சட்டத்திடம் மாட்டுவது இங்கேதான். இதற்கெனத் தனி அபராதம் சொல்லப்படவில்லை என்பதால் பொதுவான 177ஆவது பிரிவு பொருந்தும். முதல் முறை 500 ரூபாய் வரை. வெளியே நீட்டினால் 20,000, உள்ளே மறித்தால் 500. ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் எட்டாத தொலைவில், பின்சீட்டில் கட்டாமல் கிடக்கும் பொருளை இந்த வரி கண்டுகொள்வதாகவும் தெரியவில்லை.

கடலூரிலிருந்து பண்ருட்டி வழியாக வருகிறவர்கள் சாலையோரம் குவித்திருக்கும் பலாப்பழங்களைப் பார்த்தும் நிறுத்தாமல் வருவது கடினம். 15 கிலோப் பழம் ஒன்றை வாங்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறோம். கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் பழமும் 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. நமக்கு அது அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவது நாமும் அதே வேகத்தில் போவதால். கார் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதி நிற்கிறது. நம்மை சீட் பெல்ட் பிடித்துக்கொள்கிறது. பழத்தை யார் பிடிப்பது? யாரும் பிடிக்காததால் அது தன் பழைய வேகத்திலேயே தொடர்ந்து முன்னால் போகிறது. பள்ளிக்கூடத்தில் நியூட்டனின் முதல் விதி என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

அந்த வேகம் எப்படிப்பட்டது? 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது, நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து பலாப்பழத்தைக் கீழே போட்டால் என்ன வேகமோ அந்த வேகத்தில் அது உங்கள் முதுகை நோக்கி வருகிறது. கிடைமட்டமாக வருகிறது என்பது மட்டுமே வித்தியாசம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த மொட்டை மாடி 39 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். நம் மனம் வேகத்தை அதன் இருமடியாக எண்ணிப் பார்ப்பதில்லை. விபத்துகளில் பாதி குழப்பம் அங்கேதான்.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பழம் சீட்டின் முதுகில் எவ்வளவு வேகத்தில் மோதும் என்பது காரின் வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருந்தோம் என்பதையும் பொறுத்தது. கார் மோதி நிற்க எடுக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கணத்தில் காரும் சீட்டும் வேகம் குறைகின்றன, பழம் குறைவதில்லை. இடைவெளி எவ்வளவு அதிகமோ, பழத்துக்கும் சீட்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் வளர அவ்வளவு அவகாசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொருள் சீட்டிலிருந்து ஐந்தே சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் மோதும் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர். அரை மீட்டர் தள்ளி இருந்தால் 55. பொருளும் அதுவே, காரும் அதுவே. வைத்த இடம்தான் வேறு. கனமான சாமானை டிக்கியின் ஓரத்தில், கதவுப் பக்கமாக வைப்பது நம் வழக்கம், இறக்குவதற்குச் சுலபம் என்று. அதையே உள்ளே தள்ளிப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி, தரையோடு தரையாக வைத்தால் காசு செலவில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு இது.

பின்சீட்டின் முதுகு வெறும் பஞ்சு மெத்தையும் அல்ல. டிக்கிக்கும் மனிதர்களுக்கும் நடுவில் அதுதான் மதில். ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிகளில் 17ஆவது விதி இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை சீட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேக மோதலுக்கு ஆட்படுத்துவார்கள். சீட் நெளியலாம். ஆனால் தாழ்ப்பாள் விடுபடக் கூடாது, கட்டைகள் பயணிகள் பக்கம் வந்துவிடக் கூடாது. இரண்டும் சேர்த்து 36 கிலோ. வீட்டுக்குத் தரை போடும்போது "பத்து பெட்டி டைல்ஸ்தானே, நம்ம வண்டியிலயே போட்டுக்கலாம்" என்கிறோம். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பெட்டி ஒன்றே 25 கிலோவுக்கு மேல். அந்த மதில் எந்தக் கணக்குக்குக் கட்டப்பட்டது, நாம் எதை அதன்மேல் சாய்க்கிறோம் என்று பாருங்கள்.

பெரிய பொருளை ஏற்ற அந்த மதிலையே மடக்கிவிடுகிறோம் என்பதுதான் இதில் வேடிக்கை. பின்சீட் மடங்கியதும் டிக்கியும் காரும் ஒரே அறை. ஓட்டுநரின் தலைக்கும் வாஷிங் மெஷின் பெட்டிக்கும் நடுவில் முன்சீட்டின் முதுகு மட்டும்தான் மிச்சம். அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்து மடங்கும் சீட் உள்ளவர்கள், ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் பாதியை நிமிர்த்தியே வைத்து, மடக்கிய மறுபாதியில் பொருளை ஏற்றலாம். நிமிர்த்திய பாதி 'கிளிக்' என்று மாட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. மாட்டாத சீட் மதிலாக இருக்காது, அதுவும் பொருளோடு சேர்ந்து வரும்.

மோதல் வரை போக வேண்டியதில்லை, வெறும் பிரேக்கே போதும். நல்ல சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் கார் புவியீர்ப்பில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட விசையில் வேகம் இழக்கும். வழவழப்பான அட்டைப்பெட்டியை டிக்கித் துணியின் மேல் பிடித்துவைத்திருக்கும் உராய்வு அதில் பாதியளவுதான் இருக்கும். மீதிப் பாதிக்கு அது நழுவும். அடியில் ரப்பர் பாய் ஒன்றை விரித்தாலே வித்தியாசம் தெரியும். நழுவுவதிலேயே மோசமானது சின்னப் பொருள். முன்சீட்டுக்கு அடியில் உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் பிரேக் மிதிக்கு அடியில் போய்ச் சிக்கினால், பிரேக் இல்லாத காரை ஓட்டுகிறோம் என்று பொருள்.

மடியில் வைத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். சீர்வரிசை கொண்டுபோகும்போது பித்தளைக் குத்துவிளக்கைப் பாட்டி மடியில் பத்திரமாக வைத்திருப்பார். ஐந்து கிலோ விளக்கு, மோதும் கணத்தில் சுமார் 100 கிலோவாக இழுக்கும். எந்தப் பாட்டியின் கையும், எந்தப் பயில்வானின் கையும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. உச்சியில் அன்னம் வேறு கூராக நிற்கிறது. விளக்கின் இடத்தில் குழந்தையை வைத்துப் பார்த்தாலும் கணக்கு மாறாது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்காரும் பெரியவர்களும் இயற்பியலின் பார்வையில் கட்டாத சுமைதான். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடனிருந்த இன்னொருவரும் இறந்தார்கள். இருவரும் பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தவர்கள். முன்சீட்டில் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தார்கள்.

ஏர்பேக் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஏர்பேக் என்பது நாம் எங்கே, எப்படி உட்கார்ந்திருப்போம் என்று முன்கூட்டியே ஊகித்துச் செய்த கருவி. மோதல் உணரப்பட்டதும் ஒரு நொடியில் நூறில் மூன்று நான்கு பங்கு நேரத்தில் விரிந்துவிடும். கண் இமைப்பதற்குக்கூட அதைவிட நேரம் ஆகும். அது விரிந்து முடிப்பதற்கு இடம் வேண்டும் என்பதால்தான் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது விட்டு உட்காரச் சொல்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? நீளமான பெட்டி பின்னால் ஏறவில்லை என்றால் ஓட்டுநர் சீட்டை இரண்டு படி முன்னால் தள்ளுகிறோம். "கொஞ்ச தூரம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, நெஞ்சு ஸ்டியரிங்கில் ஒட்ட ஓட்டுகிறோம். அப்போது விரியும் ஏர்பேக் தலையணையாக இருக்காது, குத்தாக இருக்கும். இடப்பக்கம் டேஷ்போர்டுக்கும் பயணிக்கும் நடுவில் டிவி பெட்டி இருந்தால், ஏர்பேக் அந்தப் பெட்டியைத்தான் முகத்தில் அறையும்.

டிக்கியைத் திறந்தபடி ஓட்டுவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. இதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. பின்புறம் செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும் கார் ஓடும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. மழைநாளில் இத்தகைய கார்களின் பின்கண்ணாடி மட்டும் சேறாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். சுழன்று திரும்பும் காற்றின் வேலை அது. அதே காற்று சைலன்சரிலிருந்து வரும் புகையையும் சுருட்டிக்கொண்டு வருகிறது. டிக்கி திறந்திருந்தால் அது நேராக உள்ளே நுழையும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, பிறகு மந்தம், தூக்கம். அலைச்சல் என்று நினைத்துக்கொள்வோம். ஜன்னலைத் திறந்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. பக்கத்து ஜன்னல் வழியே காற்று வெளியே இழுபட்டு, பின்னாலிருந்து இன்னும் அதிகப் புகை உள்ளே வரலாம். தவிர்க்கவே முடியாத நிலையில் ஜன்னல்களை மூடி, வெளிக்காற்றை உள்ளே எடுக்கும்படி ஏசி பொத்தானை மாற்றி, விசிறியை முழு வேகத்தில் வைக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடினால் புகை உள்ளே வரத் தயங்கும். நாம் எப்போதும் வைத்திருக்கும் 'உள்காற்றே சுழலும்' நிலை இந்த நேரத்தில் மிக மோசமானது. தூக்கிய டிக்கிக் கதவோடு நம்பர் பிளேட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும், அது இன்னொரு வழக்கு.

எடையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. டிக்கியில் கனம் ஏறினால் காரின் மூக்கு நிமிரும். ஒரே ஒரு பாகை நிமிர்ந்தால், 50 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும், அதாவது எதிரே வருபவரின் கண்ணுக்கு. லோ பீமில்தான் போகிறோம், ஏன் எல்லோரும் டிப் அடித்துக் காட்டுகிறார்கள் என்று நாம் எரிச்சல்படுவோம். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று எழுதிய சின்னத் திருகு பல கார்களில் இருக்கும். அது இதற்காகத்தான். சுமை ஏறினால் எண்ணைக் கூட்ட வேண்டும், வெளிச்சம் தாழும். முழுச்சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று என்பதும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். எனக்குத் தெரிந்து அதைப் படித்தவர்கள் மெக்கானிக்குகள் மட்டும்தான்.

உள்ளே இருக்கும் சுமையையும் சட்டம் பார்க்க முடியாதா? ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதியில் 22ஆவது பிரிவு பார்க்கிறது. முழு விசையில் பிரேக் பிடித்தாலும், திடீரென்று ஒதுங்கித் திருப்பினாலும் சுமை நழுவவோ, சாயவோ, உருளவோ, விழவோ, தவிர்க்கக்கூடிய சத்தம் எழுப்பவோ கூடாதபடி வைத்துக் கட்ட வேண்டும். லாரிக்கும் அதுதான், காருக்கும் அதுதான். சத்தம்கூடக் கூடாதாம்! நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வண்டிகள் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதே ஜெர்மனி, பின்பக்கம் ஒன்றரை மீட்டர் வரை நீட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. 100 கிலோமீட்டருக்குள் என்றால் மூன்று மீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் போனால் சிவப்புக் கொடி போன்ற அடையாளம் கட்டாயம். அங்கே கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இங்கே வெளியே நீட்டுகிறதா என்பது முதல் கேள்வி. அந்த 20,000 ரூபாய்ப் பிரிவுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி நம் சட்டத்துக்கும் வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு சிக்கல் சொந்தச் சாமானுக்கும் சரக்குக்கும் உள்ள கோடு. மோட்டார் வாகனச் சட்டம் 'சரக்கு' என்பதை விளக்கும்போது, காரில் கொண்டுபோகும் சொந்தப் பெட்டி படுக்கை, சொந்த உடைமைகளை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. அதனால் உங்கள் வீட்டு மிக்ஸியை நீங்கள் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. ஆனால் கடைக்காரர் தன் சொந்தக் காரில் வாடிக்கையாளர் வீடுகளுக்கு மிக்ஸிகளைக் கொண்டுபோனால் அது சரக்கு. சரக்கு ஏற்றப் பயன்படும் எந்த வண்டியும், எதற்காகச் செய்யப்பட்டிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் சரக்கு வண்டிதான். கால்நடையும் சரக்கு என்றே அந்த விளக்கம் சொல்கிறது. கிடாவெட்டுக்குப் பின்சீட்டில் கூட்டிப்போகும் ஆடு உடைமையா சரக்கா என்று வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.

காவலர் விட்டாலும் காப்பீட்டு நிறுவனம் விடாது. உங்கள் காரின் காப்பீட்டுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 'பயன்பாட்டு வரம்புகள்' என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம் ஆகியவற்றோடு, மாதிரிப் பொருள்களும் சொந்தப் பெட்டிகளும் தவிர மற்ற சரக்கை ஏற்றுவதும் பாதுகாப்புக்குள் வராது என்று அதில் எழுதியிருக்கும். தம்பி கடைக்குச் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் போகும்போது மோதினால் அந்தப் பத்தியை நிறுவனம் நிச்சயம் நினைவுபடுத்தும்.

அதனால் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், டைல்ஸ் என்றால் குட்டி யானையைக் கூப்பிட்டுவிடுவது நல்லது. 2005இல் டாடா ஏஸ் என்ற அந்தக் குட்டி யானை வந்ததே இந்த வேலைக்காகத்தான், முக்கால் டன் வரை சுமக்கும். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும், நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்பதையும் வண்டிக்காரரே சொல்லிவிடுவார். காரிலேயே வரக்கூடிய அளவுள்ள பொருளுக்கு நல்ல கயிறு பின்சீட்டில் சும்மா கிடக்கிறது. ஆள் இல்லாத இருக்கைகளின் சீட் பெல்ட்டைப் பொருளின் மேல் குறுக்காகப் போட்டு மாட்டலாம். மனிதனுக்காகச் செய்த பெல்ட் பலாப்பழத்தை நன்றாகவே பிடிக்கும். கொக்கி போட்ட ரப்பர் கயிறுகளைக் கனமான பொருளுக்கு நம்ப வேண்டாம். நீளும் கயிறு பிடிக்க வேண்டிய நேரத்தில்தான் நீளும்.

இந்தப் பொங்கலுக்குக் கோயம்பேடு போகவில்லை. கரும்பைக் கடைக்காரரிடமே இரண்டாக வெட்டித் தரச் சொல்லலாம் என்றேன். வெட்டிய கரும்பைச் சூரியனுக்குப் படைக்க முடியாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தெருமுனை வண்டியில் ஒரு ஜோடி வாங்கி, தோகையோடு தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தேன். இருபது ரூபாய் கூடுதல்.